விரலுக்குத் தட்டாத நம்பர்

"டீச்சர், விரலுக்குத் தட்டுதுங்க."

சென்னியப்பன் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கையில் முழம்கூட நீளமில்லாத மாடல் விமானம். அதன் வாலில் ஒரு நம்பர்.

சிங்காநல்லூரில் ஒரு மாடி அறை. அங்கே மாடல் விமானம் செய்யச் சொல்லித் தருகிற கோகிலவாணிக்கு இவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

அவள் வாலைத் தடவிப் பார்த்தாள். தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீக்கால். விமானத்தோடு பெட்டியில் வந்த தாளில் இந்த நம்பர் இல்லையென்று, வேறொரு கம்பெனியிடமிருந்து தனியாக வரவழைத்தது.

"லேசா ஓரம் தட்டுது. அதுக்கென்னங்ண்ணா? உங்க அண்ணன் ஓட்டுன விமானந்தானே? அவரு நம்பர்தானே?"

"ஆமாங்க."

"அவருக்குக் கண்ணு எப்படி இருக்குது?"

"சர்க்கரை தின்னுட்டு வருதுங்க. ஒரு கண்ணு போயிருச்சு. 'இன்னொண்ணு இருக்கறப்பவே எம்பட விமானத்தைக் காட்டிருடா அப்புனு'ங்கறாரு."

"அப்பறம் என்ன? இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துருங்ண்ணா."

"அட போங்க டீச்சர். நெச விமானத்துல நம்பரைப் பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க. இது ஸ்டிக்கர் ஒட்டுன டிபன் பாக்ஸாட்ட இருக்குது. எங்கண்ணன் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுட்டுப் பாக்கற ஆளு."

விமானத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கோகிலவாணி அதை எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

வீம்புக்கார மனுஷன். புதுப் பெட்டி வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் மெல்லிசான டீக்கால் தேடினார். அது வந்து சேர ஒரு மழைக்காலமே போயிற்று. வந்தது தண்ணீரில் சுருண்டு கிழிந்தது. மறுபடியும் ஆர்டர்.

"ஆச்சாடா?" என்று அண்ணன் போனில் கேட்பார்.

"ஆயிட்டே இருக்குதுங்ண்ணா."

கடைசியில் ஒன்று படிந்தது. மேலே வார்னிஷ். காய்ந்ததும் தேய்ப்பு. மறுபடி வார்னிஷ். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். டீக்காலா பெயிண்டா என்று சாமிக்கே தெரியாது.

"இப்பத் தட்டுதுங்களா டீச்சர்?"

அவளும் தடவினாள்.

"தட்டலீங்ண்ணா."

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் அதே விமானத்தோடு திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"அண்ணன் பாத்தாரா?"

"எங்கீங்க பாக்கறது. அந்தக் கண்ணும் போயி ரொம்ப நாளாச்சாமா. எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணிகிட்டச் சொல்லி வெச்சிருக்காரு. 'பாவம், மெனக்கெட்டுச் செஞ்சுட்டு இருக்கறான், மனசு ஒடிஞ்சு போயிருவான்'னு."

கோகிலவாணி பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"மடியில வெச்சுத் தடவுனாருங்க. மூக்கு, இறக்கை, சக்கரம், எல்லாத்தையும் சரியாச் சொன்னாரு. அப்பறம் வாலுக்கு வந்தாரு. தடவுனாரு. திரும்பத் திரும்பத் தடவுனாரு."

சென்னியப்பன் தன் விரலை அந்த வாலில் ஓட்டிக் காட்டினார்.

"'நல்லாத்தான் செஞ்சிருக்கறே அப்புனு. நம்பர் ஒட்ட மறந்துட்டியாட்ட இருக்குது'ன்னாரு."

"ஒட்டியிருக்குதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. 'செரி செரி'ன்னாரு. நம்பலீங்க."

கோகிலவாணி எழுந்தாள். அலமாரி மேலிருந்த பழைய விமானத்தை இறக்கினாள். துப்பட்டாவால் தூசியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு வாலில் விரலை ஓட்டினார். அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தட்டுதுங்க டீச்சர்."