ஊரெல்லாம் மணந்த பன்னீர்

சொன்ன விலைக்குப் பேச்சிமுத்துவிடம் ஒரு பொருளை விற்றவன் தென்காசிப் பக்கத்தில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய பித்தளை எடுத்தவர் அவர். இன்று அவர் கடை வாசலில் லாரி நிற்கிறது. பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் இல்லை. ஏமாந்து ஏமாந்துதான் படித்தார். ஏமாற்றியவர்கள் எல்லோரும் அவருக்கு வாத்தியார்கள். என்ன, எதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொல்ல மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் மலையடிவாரத்து வடிவு வைத்தியரிடம் சீடராகச் சேர்ந்தபோது கடைவீதியே சிரித்தது. வைத்தியர் அவருடைய கடைசித் தங்கையைவிடச் சின்னவர். இவர் அவரை "அம்மா" என்பார். அவர் இவரை "அண்ணாச்சி" என்பார்.

வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. அடுப்பில் வாலை ஏறியிருந்தது. வாலை என்றால் பெரிய சங்கதி இல்லை. செம்புப் பானையில் ரோஜாவும் தண்ணீரும் கொதிக்கும். ஆவி, மூடியிலிருந்து கிளம்பும் குழாய்க்குள் ஏறும். வழியில் குளிர்ந்து, மறு முனையில் சொட்டுச் சொட்டாகப் பன்னீராக இறங்கும். பேச்சிமுத்து வயிற்றுவலியை மறந்து நின்றுவிட்டார். காற்றாய்ப் போகிறதைப் பிடித்துக் குப்பியில் அடைக்கிறதாவது! இதைவிட லாபமான தொழிலை அவர் கண்டதில்லை.

சேர்ந்த நாள் முதல் விறகு பிளந்தார், குப்பி கழுவினார். அடுப்புப் பக்கம் மட்டும் வைத்தியர் விடவில்லை. ஒருநாள் பொறுமை அறுந்துபோனது.

"ஏம்மா, நானும் எத்தனை நாளைக்குத்தான் விறகு பிளக்கது? அடுப்பு எப்ப என் கையில வரும்?"

வைத்தியர் அப்போது குழாய் மேல் சுற்றியிருந்த துணியில் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வாலைக்கு அதுதான் குளிர்ச்சி.

"ஊத்தி ஊத்தி என் தோள்பட்டை கழண்டு போச்சு அண்ணாச்சி. இதுக்கு நீங்க ஒரு வழி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு கூடை பூ வருது. ஆவி முழுசும் பன்னீரா இறங்குச்சுன்னா அன்னையிலருந்து அடுப்பு உங்களுது."

"இறங்கலேன்னா?"

"கடைக்குப் போயிருங்க."

பேச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது. சவால் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மூடிப்போன ஆலை ஒன்றிலிருந்து வந்த செம்புக் குழாயைக் கடையிலிருந்து எடுத்துவந்தார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். அப்படியே வளைத்தால் குழாய் மடங்கிவிடும்; அதனால் உள்ளே ஆற்று மணலை இறுக்கி நிரப்பி, பனந்துண்டைச் சுற்றி வளைத்தார். பிறகு மணலைக் கொட்டினார். மலைப்பாம்பு சுருண்டு படுத்த மாதிரி குழாய் வந்து நின்றது. அதை ஒரு பெரிய பித்தளை அண்டாவுக்குள் இறக்கி, நுனியை மட்டும் அடிப்பக்கம் துளைத்து வெளியே விட்டு, ஈயம் வைத்து அடைத்தார். அண்டா நிறையத் தண்ணீர் நின்றால் குழாய்க்குள் வரும் ஆவி குளிர்ந்துதானே ஆக வேண்டும்?

"பாத்தீங்களாம்மா? சொட்டு ஒழுகுதா?"

வைத்தியர் அண்டாவைச் சுற்றிவந்து பார்த்தார். "ஒழுகல. தண்ணி?"

தண்ணீர் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தது. கிணறும் மோட்டாரும் வெற்றிலைக்கார ஞானதுரையுடையவை.

"ஓஸ் பைப்பை இழுத்து விட்டுருதேன் அண்ணாச்சி," என்றார் ஞானதுரை. "காலம்பற இருந்து மத்தியானம் வரைக்கும் ஓடட்டும். வைகாசியில மக கல்யாணம். பந்தல்ல தெளிக்க ரெண்டு குப்பி பன்னீர் குடுத்துருங்க, போதும்."

"ரெண்டு குப்பியா! கிணத்துத் தண்ணிய நீரா காய்ச்சி பூமிக்குள்ள ஊத்துனீரு?"

"நான் ஊத்தலவே. ஆனா மோட்டாருக்கு நான்தான சுவிட்ச் போடணும்."

பேச்சிமுத்து தொடங்கினார். கிணற்றுச் சுவர் இடிந்திருப்பதைச் சொன்னார். மோட்டார் இருமுவதைச் சொன்னார். வேண்டாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலி வரை போனார். திரும்பி வந்தார். ஞானதுரையின் மாமனார் காலத்துக் கதை ஒன்றை எடுத்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஞானதுரை கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரு அண்டா ரொப்பிக்கிடும்வே. சும்மாவே ரொப்பிக்கிடும். ஆளை விடும்."

பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "ஒண்ணும் குடுக்காம ஒரு அண்டாம்மா! முழு அண்டா!"

"ஒரு அண்டாவா?" என்றார் வைத்தியர்.

"தளும்பத் தளும்ப!"

வைத்தியர் அண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பூ வந்தது. ஒரு கூடைப் பூ பானைக்குள் போனது. ஆவி கசியாதபடி மூடியின் விளிம்பைச் சீலைமண் வைத்துப் பூசினார்கள். வைத்தியர் அடுப்பைப் பற்றவைத்து எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குழாய் நுனியில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. குளிர்ந்த, கண்ணாடி போன்ற சொட்டு. பேச்சிமுத்து அதைப் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அப்புறம் வாசம் கிளம்பியது.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "யாரு வீட்டுல விசேஷம் அண்ணாச்சி?"

களையெடுக்கப் போன பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். "தெருமுக்கு வரைக்கும் மணக்குதே! மாப்பிள்ளை அழைப்பு கணக்கால்ல இருக்கு!"

"பின்ன? குழாய வளைச்சது யாரு?" பேச்சிமுத்து மீசையை நீவிக்கொண்டார். வேலிக்கும் வாசலுக்குமாக நடந்தார். வந்தவர்களுக்கெல்லாம் மணல் நிரப்பி வளைத்த கதையை முதலிலிருந்து சொன்னார். பிறகு வைத்தியரிடம் வந்தார்.

"கேட்டீங்களாம்மா? ஊரே மணக்குதாம்!"

"ஆமா, ஊரு மணக்குது," என்றார் வைத்தியர். "குப்பிய மோந்து பாருங்க."

பேச்சிமுத்து குனிந்தார். குழாய் நுனியில் சொட்டு இல்லை. வெள்ளை ஆவி புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. குப்பியின் அடியில் ஒரு சிறங்கைத் தண்ணீர்தான் கிடந்தது. குழாயைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு குதித்தார்.

அதன் பிறகு அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. ஆலைக்காரனைத் திட்டினார். செம்பைத் திட்டினார். ரோஜாவைத் திட்டினார். விறகுக் கட்டையை எட்டி உதைத்து, கால் வலிக்கவும் விறகைத் திட்டினார்.

அவர் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் வைத்தியர் சொன்னார்: "அண்டாவுக்குள்ள கைய விடுங்க."

விட்ட கையைச் சுருக்கென்று எடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற சூடு.

"தண்ணி கொதிக்குதேம்மா!"

"ஆவி எறக்கி வச்ச சூட்டை அதுதான வாங்கிக்கிட்டு நிக்குது. வாங்குனத எங்க கொண்டு போவும்? வழி வச்சிருக்கீங்களா?"

பேச்சிமுத்து அண்டாவைப் பார்த்தார். உள்ளே வர வழி இல்லை. வெளியே போக வழி இல்லை. ஒன்றும் கொடுக்காமல் வாங்கிய தண்ணீர் அசையாமல் நின்று புகைந்துகொண்டிருந்தது.

ஈரச்சாக்குக்கு அடியில் இரண்டாவது கூடை இருந்தது. விலக்கிப் பார்த்தார். இதழ் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"உச்சி வெயில் வரைக்கும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். ஞானதுரை கட்டிலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே. காலையிலருந்து உம்ம பன்னீரைச் சும்மாவே மோந்துக்கிட்டு இருக்கேன். நான் ரெண்டு குப்பிதான கேட்டேன்? நீரு ஊருக்கே ஊத்திட்டீரே!"

"மோட்டாரைப் போடும்."

"போடலாம். இப்ப நாலு குப்பி."

பேச்சிமுத்துவின் நாக்கு நுனிக்கு எல்லாம் வந்தது. கிணற்றுச் சுவர் வந்தது, மோட்டார் வந்தது, மாமனார் வந்தார். நாலைப் பேசிப் பேசி ஒன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

ஞானதுரையின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "என்னது?"

"நாலு குப்பி. சரின்னு சொன்னேன்."

"வே, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"மோட்டாரைப் போடும்வே!"

ஞானதுரை எழுந்து நடந்தார். இரண்டு எட்டு வைத்ததும் நின்று திரும்பினார். பேரத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இது சரிப்படவில்லை. "நாலு நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னது. ரெண்டு போதும்."

"நாலுன்னு பேசியாச்சு. நாலுதான்."

"எனக்கு ரெண்டுதான்வே வேணும்!"

"பேசுன பேச்சை மாத்துற ஆளு நான் இல்ல!"

அப்படியே சுவிட்ச் பெட்டி வரை கத்திக்கொண்டு போனார்கள். மோட்டார் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியபோது பேரம் மூன்று குப்பியில் வந்து நின்றிருந்தது.

ஓஸ் பைப்பை இழுத்துவந்து அண்டாவின் மேலே போட்டார் பேச்சிமுத்து. வைத்தியர் அதை எடுத்து அண்டாவின் அடி வரை தள்ளிவிட்டார்.

"குளிர்ந்தது கீழ இருந்து வரட்டும். சுட்டது தானா மேல ஏறிப் போயிரும்."

போக வழி வேண்டுமே. பேச்சிமுத்து உளியை எடுத்தார். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அண்டா அது. விளிம்பில் வைத்து ஒரே அடி. ஓட்டையில் மூங்கில் குழலைச் செருகினார். சுடுதண்ணீர் அதன் வழியாகக் கொட்டி, வாய்க்காலில் விழுந்து ஆறி, ஞானதுரையின் கொடிக்காலுக்கே திரும்பிப் போனது.

இரண்டாவது கூடை பானைக்குள் ஏறியது.

சொட்டு வந்தது. சொட்டு, நூலானது. நூல் அறுபடாமல் குப்பிக்குள் இறங்கியது. பேச்சிமுத்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். காலை நேரத்துக் கருங்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. களையெடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களில் ஒருத்தி வேலியருகே நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, வாசத்தையே காணோம்? அடுப்பு அணைஞ்சு போச்சா?"

அவர் திரும்பவே இல்லை. முதல் குப்பி நிறைந்தது. மூக்கருகே கொண்டுபோனார். கண் தானாக மூடிக்கொண்டது. எத்தனையோ டன் செம்பு அவர் கை வழியாகப் போயிருக்கிறது. அத்தனையும் யாரோ செய்தது, யாரோ விற்றது. இது அவர் செய்தது. குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. மூன்று குப்பிகள் நிறைந்ததும் முதல் வேலையாக அவற்றைத் தனியே எடுத்து ஞானதுரைக்கு வைத்தார்.

பிறகு வைத்தியரின் எதிரில் வந்து கைகட்டி நின்றார்.

"அம்மா, எனக்குப் புத்தி வந்துட்டு. இன்னையோட பேரம் கிடையாது. கோவம் கிடையாது. அந்தப் பழைய பேச்சிமுத்து முடிஞ்சான்னு வச்சுக்கிடுங்க."

வைத்தியர் தலையை ஆட்டினார். குனிந்து, அடுப்பில் எரிந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். பானையின் கொதி அடங்கியது. நூல் மறுபடி சொட்டானது. சொட்டும் நின்றது.

"என்னம்மா பண்ணுதீங்க!" பேச்சிமுத்து போட்ட சத்தத்தில் கொடிக்காலில் ஞானதுரை எழுந்து நின்றார். "பூ பாதி கூட வடியல! இப்படி நடுவுல இழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? யாரைக் கேட்டு இழுத்தீங்க?"

வைத்தியர் எரிகிற கட்டை ஒன்றை எடுத்தார். எரியாத முனையை அவர் பக்கம் நீட்டினார்.

"தண்ணிதான் நல்லா ஓடுதே அண்ணாச்சி. கோவம் கிடையாதுன்னீங்களே, அப்ப நெருப்பு மட்டும் எதுக்கு?"

பேச்சிமுத்து கையை நீட்டிக் கட்டையை வாங்கினார். குனிந்து அடுப்புக்குள் வைத்தார்.