மரங்கள் வாய் மூடிய கணவாய்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசின. வெட்டிச் செதுக்கிய பிறகும் அவற்றின் பேச்சு ஓயாது. வாசற்கதவு வருகிறவரின் பெயரைச் சொல்லும். தொட்டில் குழந்தையோடு சேர்ந்து முனகும். இமயமலையில் ஒரு பனிக்கணவாயை ஒட்டியிருந்த ஊரில் யாருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை.

அந்த ஊரில் நொர்பு என்ற தச்சன் இருந்தான். பனிமேல் வழுக்கிப் போவதற்குக் காலில் கட்டும் நீளப் பலகைகளைச் செய்வது அவன் தொழில். அவன் மனைவி பல்மோ பிரசவம் பார்ப்பவள்.

ஒரு குளிர்காலத்தில் கணவாயில் பனி சரிந்து, ஆட்டு மயிர் ஏற்றி வந்த வியாபாரிகள் கூண்டோடு புதைந்து போனார்கள். தோண்டியும் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்து நொர்புவின் அண்ணன் கெல்சாங் அந்த வழியே போனான். அவன் காலில் தம்பி செய்து கொடுத்த பாப்லர் பலகைகள் இருந்தன. பாப்லர் லேசான மரம். நன்றாக வளையும். மனசும் இளகியது, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிவிடும்.

பின்னால் வந்த ஆட்டுக்காரர் ஒருவர் நடந்ததைப் பார்த்தார். நடுக்கணவாயில் கெல்சாங் சட்டென்று நின்றானாம். பலகைகள் பனிக்கு அடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தனவாம். பிறகு அவற்றின் முனைகள் கீழ்நோக்கி வளைந்து, கிணற்றில் வாளி இறங்குவதுபோல அவனை உள்ளே கொண்டுபோயின. பனி மூடிக்கொண்டது. பள்ளம்கூட மிஞ்சவில்லை.

நொர்பு அடுத்த ஜோடியை ஓக் மரத்தில் செய்தான். ஓக் கனமானது, பிடிவாதக்கார மரம். அதைக் கட்டிக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனான். அடியிலிருந்து குரல்கள் கூப்பிட்டன. ஓக் காது கொடுக்கவில்லை. ஆனால் நொர்பு திருப்பியபோதும் அது திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாறையில் மோதியது. கால் முறிந்து, ஊர்ந்துதான் வீடு வந்து சேர்ந்தான்.

அவன் படுத்திருந்தபோது கணவாய்க்கு அப்பால் புகை எழுந்தது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த பல்மோவின் தங்கை யாங்கி நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை குறுக்கே நின்று செத்துப் பிறந்திருந்தது. இந்த முறை நாள் நெருங்கியதும் புகை போடுவதாக அக்காளிடம் சொல்லியிருந்தாள்.

போக வேண்டாம் என்றான் நொர்பு. பல்மோ பட்டறைக்குப் போய், மிச்சமிருந்த பாப்லர் துண்டைக் கையில் எடுத்தாள்.

"கெல்சாங்கை ஏன் உள்ளே கொண்டுபோனாய்?" என்று கேட்டாள்.

"குளிருகிறது என்று அழுதார்கள். ஓர் ஆளை மட்டும் கேட்டார்கள்" என்றது பாப்லர்.

பல்மோ பாப்லரையும் ஓக் பலகைகளையும் புருஷனின் படுக்கையருகே கொண்டுவந்து போட்டாள். இரண்டையும் மெல்லிய பட்டைகளாகப் பிளந்து மாற்றி மாற்றி ஒட்டிவிட்டால் ஒன்றின் இளக்கத்தை மற்றது இறுக்கிப் பிடிக்குமா என்று கேட்டாள். நொர்பு ஓக் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். பிடிக்கும், ஆனால் மரத்துக்கு வாய் அதன் பிளந்த முகத்தில் இருக்கிறது, முகத்தோடு முகம் ஒட்டினால் பிறகு அவை பேசவே முடியாது என்றான். அதுவும் நல்லதுதான் என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்தபடியே பிளந்தான். அவள் கவரிமாட்டுத் தோலைக் காய்ச்சிப் பசை செய்தாள். கடைசிப் பட்டையில் பசை தடவும்போது பாப்லர் மெதுவாகப் பேசியது.

"பல்மோ, எங்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். இங்கே அடைத்தால் காடு முழுவதும் அடைந்துபோகும். யோசித்துச் செய்."

பல்மோ பட்டையைப் பிடித்தபடி நின்றாள். அதே நேரம் வாசற்கதவு யாரோ வருவதாகச் சொல்லத் தொடங்கியது. "கெல்..." என்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டையை அழுத்தினாள். கதவு பாதிப் பெயரில் நின்றுவிட்டது. வெளியே காட்டிலும் சத்தம் இல்லை. நொர்பு தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தான். வாசலில் யாருமில்லை. படியில் மட்டும் ஈரம் இருந்தது.

பசை காய்ந்ததும் பல்மோ புறப்பட்டாள். உச்சிவெயில். எங்கு பார்த்தாலும் வெள்ளை, ஒரு நிழல் இல்லை. பலகைகள் லேசாக ஓடின. திருப்பிய பக்கம் திரும்பின. நடுக்கணவாயில் காலுக்கு அடியிலிருந்து கெல்சாங்கின் குரல் கேட்டது.

"பல்மோ, கொஞ்சம் நில். உன் கால் சூடாக இருக்கிறது."

பலகைகள் துடித்தன. பதில் சொல்ல அவற்றுக்கு வாய் இல்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள். குரல் பனிக்குள்ளேயே அவளோடு கூட வந்தது. முதலில் கெஞ்சியது, பிறகு ஊர்க் குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. அவள் பிரசவம் பார்த்து எடுத்த குழந்தைகள் அவர்கள். பல்மோ அழுதுகொண்டே சறுக்கினாள்.

யாங்கிக்கு அன்று பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பனி உருகியபோது கணவாயில் எல்லோரும் கிடைத்தார்கள். புதைந்த இடத்தில் அல்ல. பல்மோ சறுக்கிப் போன தடத்தின் அடியில், வரிசையாக, கைகளை மேலே நீட்டியபடி நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவன் கெல்சாங்.

அன்று முதல்தான் பனிச்சறுக்குப் பலகையின் உள்ளே லேசான மரத்தையும் கனமான மரத்தையும் பட்டை பட்டையாகச் சேர்த்து ஒட்டுகிறார்கள். அன்று முதல்தான் மரங்கள் எதுவும் பேசுவதில்லை, பனிக்கு அடியில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் யாரும் இல்லை.