பூட்டியாச்சு

குரங்குகள் நடமாடும் மலையடிவாரத்தில் மடம் கட்டினால், அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறைக்குப் பூட்டு வேண்டும். பூட்டு இருந்தால் அதைப் பூட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சிவசைலம். நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று மடத்தோடு வந்துவிட்டவர்.

அவருக்கு முன்னால் சாவி வைத்திருந்தவர் ஒருமுறை கதவைத் திறந்து போட்டுவிட்டார். குருபூஜைக்கு வைத்திருந்த வெல்லத்தையும் வாழைத்தாரையும் குரங்குகள் ஒரு கை பார்த்துவிட்டன. சிவசைலம் கைக்குச் சாவி வந்தபிறகு ஒரு நாள்கூட அந்தக் கதவு திறந்து கிடந்ததில்லை. அது மடத்தில் எல்லோருக்கும் தெரியும், சிவசைலத்தைத் தவிர.

பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். வந்து இலைமுன் உட்காருவார். பூட்டினோமா என்று தோன்றும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்தது இப்போதா, நேற்றா என்று தோன்றும். மறுபடி போவார். அதற்குள் ரசம் ஆறிப்போகும். சிவசைலம் தின்கிற சோறு நடக்கிற நடைக்கே பற்றாது என்று மடத்தில் கேலி பேசுவார்கள்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. போன தையில் அவர் தங்கை கோமதி தன் பெண் குழந்தைக்குக் காது குத்த நாள் வைத்திருந்தாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். கோமதிக்கு இருப்பது ஒரே அண்ணன். மடத்துப் பக்கம் வருவதோ காலையில் ஒரே பஸ். முதல் நாளே வந்துவிடு என்றால் சிவசைலம் கேட்கவில்லை. உக்கிராணத்தை ஒரு ராத்திரி விட்டுவிட்டு வர அவருக்கு மனசு இல்லை. காலையில் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடம்வரை போனார். சந்தேகம் வந்தது. ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனபோது அங்கே புழுதிதான் மிச்சமிருந்தது.

கோமதி வீட்டில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தாராம். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடி கொடுக்க முன்வந்தாராம். கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம்.

இப்போது ஆவணியில் மறுபடி நாள் பார்த்திருந்தாள். போனில் அவள் அழவில்லை. அதுதான் சிவசைலத்துக்குப் பயமாக இருந்தது.

"இந்தத் தடவையும் நீ வரலேன்னா வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்திருவேன். அதுக்கப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல" என்றாள்.

சிவசைலம் நேராகக் குருவிடம் போனார். குரு அவரைவிட வயதில் சின்னவர். அதனால் ஊரில் இளையசாமி என்றே பெயர். கிணற்றடியில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இந்தப் பழக்கத்த விட்டாகணும். ஏதாவது மந்திரம் குடுங்க."

"உக்கிராணத்தப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன் சாமி."

"எப்படித் தெரியும்?"

"இழுத்துப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் திரும்பிப் போறீங்க?"

"சரியா இழுத்தேனான்னு ஒரு சந்தேகம்."

"திரும்பிப் போய்ப் பார்க்கிறது யாரு?"

"நான்தான்."

"முதல்ல பார்த்தது?"

"அதுவும் நான்தான்."

"அந்த ஆளு பொய் சொல்லுவாரோ?"

சிவசைலம் கொஞ்சம் யோசித்தார். "பொய் சொல்லமாட்டாரு சாமி. ஆனா அவரு கொஞ்சம் அசட்டையான ஆளு."

குரு வாய்விட்டுச் சிரித்தார். வேட்டியைப் பிழிந்து உதறினார்.

"மந்திரமெல்லாம் வேண்டாம். இனிமே நீங்க பூட்டும்போது நான் பின்னால வந்து நிக்கிறேன். பூட்டியாச்சுன்னு சொல்றேன். போதுமா?"

சிவசைலத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலமே குரு வந்து பின்னால் நின்றார். சிவசைலம் பூட்டினார், இழுத்துப் பார்த்தார். "பூட்டியாச்சு" என்று குரல் வந்தது. அவ்வளவுதான். சிவசைலம் சூடாக ரசம் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார். மறுநாளும் அப்படியே. இத்தனை சுலபமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் குரு பக்கத்து ஊருக்குப் போய்விட்டு இருட்டின பிறகுதான் திரும்பினார். சிவசைலம் உக்கிராண வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கதவு பூட்டியிருந்தது. சாவி கையில் இருந்தது.

"என்ன, இங்கேயே நிக்கிறீங்க?"

"நீங்க சொல்லலியே சாமி."

"பூட்டியாச்சு" என்றார் குரு.

சிவசைலம் இரண்டடி எடுத்துவைத்தார். பிறகு திரும்பி நின்றார்.

"சாமி, நான் மாறவே இல்ல போலிருக்கே. முன்னே பூட்டப் பிடிச்சுத் தொங்கினேன். இப்ப உங்களப் பிடிச்சுத் தொங்கறேன்."

"சாப்பாடு ஆறிரும், வாங்க" என்று சொல்லிவிட்டு குரு நடந்தார்.

காதுகுத்து நாள் வந்தது. விடியற்காலையில் சிவசைலம் குளித்து, அன்றைக்கு வேண்டிய அரிசியைச் சமையல்காரருக்கு அளந்து போட்டுவிட்டு, உக்கிராணத்தைப் பூட்டினார். பின்னால் குரல் வந்தது. வந்தும் அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

"பஸ் வரைக்கும் நீங்களும் வந்தா நல்லாருக்கும் சாமி."

குரு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

பாதி வழியில் சிவசைலம் நின்றார். "பூட்டியாச்சா சாமி?"

"பூட்டியாச்சு."

ரோடு வந்ததும் கேட்டார். அதே பதில் வந்தது. பஸ்ஸும் வந்தது. சிவசைலம் ஒரு காலைப் படியில் வைத்தார். இன்னொரு கால் தரையைவிட்டுக் கிளம்பமாட்டேன் என்றது.

"சாமி, கடைசியா ஒரே ஒரு தடவ. நீங்க உங்க கண்ணால பார்த்தீங்கள்ல?"

"பார்க்கலயே" என்றார் குரு.

சிவசைலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பின்னாலதான நின்னீங்க?"

"நின்னேன். மலையப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"இன்னைக்கா?"

"ஒருநாளும் நான் அந்தப் பூட்டைப் பார்த்ததில்ல."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஐயா, ஏறுங்க, இல்ல எறங்குங்க. வண்டி நிக்காது."

சிவசைலம் மடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இப்போது ஓடினால் பார்த்துவிடலாம். கோமதி இந்நேரம் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பாள். அவருக்குக் கோபம் வந்தது.

"பார்க்காம எப்படிச் சாமி பூட்டியாச்சு, பூட்டியாச்சுன்னு சொன்னீங்க? எத நம்பிச் சொன்னீங்க?"

"உங்கள நம்பித்தான்" என்றார் குரு.

கண்டக்டர் விசில் ஊதினார். சிவசைலம் தரையில் இருந்த காலையும் எடுத்துப் படியில் வைத்தார்.