பக்கவாட்டில் நடந்த கிளி

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். கிளியும் அப்போது கோழியைப் போல நேராகத்தான் நடந்தது. யாரைப் பார்க்கப் போனாலும் அலகை முன்னால் நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய் நிற்கும்.

அமராவதி ஆற்றங்கரையில் ஆடு வளர்த்த நாச்சிமுத்துவின் வீட்டில் அப்படி ஒரு கிளி இருந்தது. காற்றில் முறிந்த மரத்தின் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்தது. ஒரு சிறகு சரியாக விரியாது, பறக்க முடியாது. நாச்சிமுத்து பட்டிக்குப் போய்விட்டால் பொழுது முழுக்கப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அவன் திரும்பி வந்ததும் ஓடிப்போய் விரலை அலகால் பிடித்துக்கொள்ளும்.

நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமானது. மணப்பெண் பவளாயி வரும்போது ஒரு சின்ன மூங்கில் கூண்டையும் கொண்டுவந்தாள். அதற்குள் ஒரு சில்லை. மார்பெல்லாம் புள்ளி போட்ட, கட்டைவிரல் பருமனுள்ள குருவி. சோளம் அறுக்கும்போது கூட்டோடு விழுந்ததை அவள் தினை மாவு ஊட்டிப் பிழைக்க வைத்திருந்தாள். வெளியே விட்டால் அதற்கு இரை தேடத் தெரியாது.

வாசலில் ஆரத்தி எடுத்த நாத்தனார் வள்ளாத்தா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை வீட்டுப் பறவை ஒண்ணு, பொண்ணு வீட்டுப் பறவை ஒண்ணு. சம்பந்திக ரெண்டு பேரும் ஒரே இலையில உக்காரட்டும்.”

கூட்டம் சிரித்தது.

“வேண்டாமுங்க நங்கை. அது பயந்துக்கும்” என்றாள் பவளாயி நாத்தனாரிடம்.

“நீயே பயப்படாம எங்க வீட்டுக்கு வந்துட்டே. அதுக்கென்ன வந்துச்சு?”

வந்த அன்றே எதிர்த்துப் பேச முடியுமா? பவளாயி கூண்டைக் கொடுத்தாள். வள்ளாத்தா சில்லையை எடுத்து, கூடத்தில் தொங்கிய கிளியின் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

கிளிக்குத் தலைகால் புரியவில்லை. தன் கூண்டுக்குள் இறகுள்ள இன்னொரு உயிர்! நேராக ஓடியது. சில்லை கம்பியைப் பற்றிக்கொண்டு பதறியது. கிளி அன்போடு அதன் காலைப் பிடித்தது. பிடித்த அலகு மிளகாயையும் கொட்டையையும் உடைக்கிற அலகு.

பவளாயி கையை விட்டு எடுத்தபோது சில்லையின் கால்விரல் ஒன்று இல்லை.

மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிளி கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

“நான் கடிக்கலை” என்றது. “பிடிச்சேன். எங்கம்மா என் அலகைப் பிடிச்சுத்தான் ஊட்டுவா. எங்க ஆளுகள்ல அதுதான் வணக்கம்.”

“எங்க ஆளுகளைப் பிடிக்கிறது பாம்பு மட்டும்தான்” என்றது சில்லை, பவளாயியின் உள்ளங்கையிலிருந்து.

நாச்சிமுத்து கிளிக்கூண்டைத் தூக்கினான். “இதை ஆத்தங்கரைப் புளியமரத்துல விட்டுட்டு வந்துடறேன், பவளா. உன் குருவிக்கு இனி இதால தொந்தரவு இருக்காது.”

கிளி விரியாத சிறகை ஒரு முறை ஒடுக்கிக்கொண்டது.

பவளாயி அதைப் பார்த்தாள். “பறக்காத கிளியை மரத்துல விட்டா பூனைக்கு விருந்து வெச்ச மாதிரிங்க.”

“அப்ப உன் குருவியை என்ன பண்றது?”

“ஏனுங்க, புது ஆடு வாங்கினா நேரா பட்டிக்குள்ள விட்டுருவீங்களா?”

“அதெப்படி விடுவேன்? தனியாக் கட்டி, நோய்நொடி இருக்கான்னு பாப்பேன். பழைய ஆடுக வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மோந்து பாத்துப் பழகினாத்தான்…” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். கூண்டைக் கீழே வைத்தான்.

கிளி கூடத்தின் ஒரு கோடியிலும் சில்லை மறு கோடியிலும் தொங்கின. ஒன்றை ஒன்று பார்க்கலாம், தொட முடியாது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இரை போட்டார்கள். காயம் ஆறி, சில்லை மறுபடி கீச்சிடத் தொடங்கிய பிறகுதான் கூண்டுகளைச் சிறிது சிறிதாக நெருக்கினார்கள். வள்ளாத்தா வரும்போதெல்லாம் மடியில் தினை முடிந்துகொண்டு வந்தாள். “சம்பந்தி கால் எப்படி இருக்கு?” என்று மெதுவாகக் கேட்பாள். சில்லை அவளுக்கு முதுகைக் காட்டும். அவள் தினையை வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் கூண்டுகளைத் திறந்து இரண்டையும் கூடத்துக் குறுக்குக் கம்பில் விட்டார்கள். பவளாயி பக்கத்திலேயே நின்றாள். கிளி நேராக நடந்தது. சில்லை விர்ரென்று பறந்து அவள் தோளுக்குப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே.

“இன்னும் என்ன கோபம் உனக்கு?” என்றாள் பவளாயி.

“கோபம் இல்லக்கா. அது நேரா வரும்போது எனக்கு அலகு மட்டும்தான் தெரியுது. அலகுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கிறதே தெரியலை.”

கம்பின் கோடியில் இருந்த கிளி அதைக் கேட்டது.

அடுத்த நாள் சில்லை வந்து உட்கார்ந்ததும் கிளி திரும்பிக்கொண்டது. அலகைச் சுவர்ப்பக்கம் வைத்து, ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தது; மற்றதை இழுத்து அதனோடு சேர்த்தது. நின்றது. சில்லையின் பக்கம் அதன் ஒற்றைக் கண் மட்டும் இருந்தது. வட்டமான, பயந்த கண்.

தனக்கு இருக்கிற பயம் அந்தக் கண்ணிலும் இருப்பதைச் சில்லை பார்த்தது. பறக்கவில்லை.

கிளி இன்னொரு அடி நகர்ந்து நின்றது. போக நினைத்தால் போகலாம் என்பது போல வெகுநேரம் நின்றது.

“என்னடா தம்பி, உன் கிளி நண்டு மாதிரி நடக்குது?” என்றாள் அப்போது உள்ளே வந்த வள்ளாத்தா.

“சத்தம் போடாத அக்கா” என்றான் நாச்சிமுத்து.

நாலு விரற்கடை இடைவெளியில் கிளி நின்றுவிட்டது. மீதியைச் சில்லை தானே கடந்து வந்தது. குறைவிரல் காலை ஊன்றி, கிளியின் பச்சை இறகை ஒரு முறை கோதிவிட்டு, திரும்பத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. கடைசிவரை அவை ஒரே கூண்டில் உறங்கவில்லை. அதற்காக இரண்டில் எதுவும் வருந்தவும் இல்லை.

முற்றத்துக் கொய்யாவுக்கு வந்த காட்டுக் கிளிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்ததைச் செய்து பார்ப்பதுதான் கிளிகளின் குணம். அவை தம் கிளைகளிலும் பக்கவாட்டில் ஓர் அடி வைத்துப் பார்த்தன.

அன்று முதல்தான் கிளி எந்த உயிரின் அருகே போனாலும், அலகைத் திருப்பி ஒரு கண்ணைக் காட்டி, ஓர் அடி வைத்து, நின்று, பதிலுக்குக் காத்திருக்கிறது.