பின்னால் போட்ட ஸ்டூல்

மடத்துக்குள் நுழையும்போதே தாணுமாலயனுக்கு மூக்கு விடைத்திருந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் காற்று இல்லாமலே காற்றாடி சுற்றும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

மடத்துத் தலைவி தவமணி அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்னதானச் சமையலுக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். அம்மாவுக்கு மந்திரியே வந்தாலும் வா, போதான்.

"வா தாணு. என்ன, முகம் இப்படி இருக்கு?"

"நந்தனாவ நாளைக்கு ஹாஸ்டல்ல கொண்டு விடப்போறேம்மா. ஆசீர்வாதம் பண்ணுங்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். நந்தனா தாணுவின் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. வீசிங் உள்ள பிள்ளை. போன வருஷம் ஹாஸ்டலில் பாதி நாள் நெபுலைசரும் கையுமாகக் கிடந்தாள் என்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்து ஆன்லைன் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

"அங்கதானே பிள்ள மூச்சுக்குத் தவிச்சா?"

"வேற என்ன செய்ய? இந்த ஆன்லைன் படிப்பு அவள ஊமையாக்கிட்டும்மா. வாயாடியாக்கும் அவ. இப்ப வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கா. டீச்சரே போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. கம்ப்யூட்டர்ல படிச்சா பிள்ள ஒண்ணுக்கும் ஆகாதுன்னு எல்லாரும் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. நான்தான் கேக்கல."

"பிள்ள என்ன சொல்லுது?"

"அழுதா. ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம்ங்கா. எனக்கு மட்டும் ஆசையாம்மா?"

"சரி, நீ என்னெல்லாம் செஞ்சு பாத்த?"

அடேயப்பா, அவன் செய்யாதது எது! வீட்டிலேயே படித்தால் ஒழுங்கு போய்விடும் என்று, காலையில் யூனிபார்ம், டை, பெல்ட், ஷூ எல்லாம் மாட்டிவிட்டான். டீச்சர் திரையில் வந்ததும் எழுந்து நின்றுதான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டான். பிள்ளையும் எழுந்து நின்றாள். டீச்சருக்குத் தெரிந்தது பெல்ட் மட்டும். ஆன்லைன் பிள்ளைகளுக்குச் சிநேகிதமே இருக்காது என்று யாரோ சொல்லப்போக, இண்டர்வெல் நேரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து வந்து எதிரே உட்கார வைத்து, "ம், பழகுங்க" என்றான். இரண்டும் யூகேஜி. டீச்சருக்குச் சத்தம் கேட்கும் என்று, மத்தியானம் வரை வீட்டில் குக்கர் வைக்கக்கூடத் தடை. அவன் மனைவி செண்பகம் எப்படித்தான் பொறுத்தாளோ.

"அதெல்லாம் சும்மா. கண்காணிக்க ஆள் இல்லாட்டி இதுல பிள்ளைங்க படிக்காதுங்கம்மா. அதனால ராத்திரி ஷிப்டா மாத்தி வாங்கிக்கிட்டு, நானே அவ முதுகுக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உக்காந்துருவேன். டீச்சர் கேள்வி கேட்டா பிள்ள முழிச்சிறக் கூடாது பாருங்க, பதிலையும் மெல்ல எடுத்துக் கொடுப்பேன்."

"மெல்லன்னா?"

"மைக்குல விழுந்துருது. அந்தப் பிள்ளைங்க எல்லாம் சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டுமே, பதில் சரிதானே?"

பெண்கள் எல்லாரும் குனிந்து பூசணி விதை பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "ஆசீர்வாதம் இருக்கட்டும். முதல்ல நீ உக்காந்து நமச்சிவாயம் சொல்லு. மனசு அடங்கும்."

வருஷக்கணக்காகச் செய்கிறதுதானே. சம்மணம் போட்டுக் கண்ணை மூடினான். பின்னால் கிறீச்சென்று சத்தம் கேட்டது. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதுகு கூனுது."

நிமிர்ந்தான்.

"கண்ண இறுக்காத. லேசா மூடு."

லேசாக மூடினான்.

"இப்ப என்ன நினைக்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பொய். சாப்பாட்டு நினைப்பு. சரி, சொல்லு."

"ந…"

"மச்சிவாய!" என்று பின்னாலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் தூணோரம் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

தாணுவுக்குக் காது மடல் சுட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் தொடங்கினான்.

"நம…"

"ச்சிவாய! ஆங், அதான், அதான்! விடாத!"

ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தாணு வாயை இறுக மூடிக்கொண்டான். இத்தனை பேர் நடுவில் மானம் போகிறதே என்றிருந்தது. இனி ஒரு எழுத்தும் வெளியே வராது.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தாணு, ஊமை மாதிரி இருக்க? இந்த மடம் உனக்கு ஒத்துக்கல போல. வேற மடத்துல கொண்டு விட்டுருவோமா?"

"மடத்துக்கு என்னம்மா குறை?" தாணு வெடித்துவிட்டான். "நீங்க முதுகுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, நான் வாயெடுக்கதுக்குள்ள நீங்களே சொல்லி, நாலு பேர வேற சிரிக்க வச்சா, எந்த மனுசம்மா வாயத் திறப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

அம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"நான் எந்திச்சிட்டேன் தாணு. நீ எப்ப எந்திக்கப் போற?"