கனவில் விழுந்த தாயம்

பொருநை ஆற்றங்கரையில் அரசர்கள் தாமே உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம் அது. கேட்க வந்தவர்களே, அந்தக் காலத்தில் ஒரு செக்கு இருந்தது. செக்கைச் சுற்ற ஒரு மாடு இருந்தது. மாட்டுக்குப் பின்னால் சுற்ற ஒரு மனிதன் இருந்தான்.

அவன் பெயர் எண்ணாயிரம். பெயரில் இருந்த தொகை கையில் இருந்ததில்லை. விடிந்தால் மாட்டைப் பூட்டிச் சுற்றுவான். உச்சிவெயிலில் சுற்றுவான். பொழுது அடையும்போது அவிழ்ப்பான். எள் எண்ணெயாகும், எண்ணெய் அரிசியாகும், அரிசி அன்றைக்கே தீர்ந்துபோகும்.

ஆனால் படுத்துவிட்டால் அவன் செல்வந்தன். ஒவ்வொரு நாளும் ஒரே கனவு. ஊர்க்கோடியில் சூதுமனை நடத்தும் வைரவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். தாயக்கட்டையை உருட்டுவான், தாயம் விழும். மறுபடி உருட்டுவான், மறுபடியும் தாயம். முழங்கால் உயரத்துக்குப் பொன் குவியும். அதை மடியில் கட்டும் நேரம் பார்த்துக் கோழி கூவும். எழுந்து மடியைத் தடவுவான். வேட்டி மட்டும் இருக்கும்.

விழித்திருக்கும்போது அவன் சூதுமனை வாசலை மிதித்ததே இல்லை. ஆகவே இந்தக் கனவுக்குப் பலன் கேட்டு மூன்று பேரிடம் போனான்.

சோதிடர், "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்றார். ஓர் உழக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டார்.

நாவிதர், "கனவில சிரிச்சா நனவில அழுகை" என்றார். அவரும் ஓர் உழக்கு வாங்கிக்கொண்டார்.

பூசாரி, "நீ ஜெயிச்சது நிசம்னா தோத்தவன் ஒருத்தன் இருப்பானே. அவன்கிட்டப் போய்க் கேளு" என்றார். விளக்குக்கு என்று சொல்லி இரண்டு உழக்கு வாங்கிக்கொண்டார்.

மூன்று பலனில் மூன்றாவதுதான் எண்ணாயிரத்துக்குப் பிடித்தது.

"கேக்கவா போறீங்க? அவன் சிரிப்பான்" என்றாள் அவன் மனைவி வடிவு.

"சிரிச்சுட்டுத் தரட்டுமே."

வைரவன் சிரிக்கவில்லை. அப்போதே எண்ணாயிரம் திரும்பி வந்திருக்க வேண்டும்.

"ஆமாப்பா, நீ ஜெயிச்சே, நான் தோத்தேன்" என்றான் வைரவன். "சூதாடி வாக்கு மாற மாட்டான். இந்தா, இப்போதைக்கு ஒரு பொற்காசு. மீதி பின்னால." பிறகு ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டான். "எல்லாரும் பார்த்துக்கிடுங்க. கனவில ஆடின ஆட்டத்துக்கு நான் கடன் தீர்க்கிறேன். இவனும் வாங்கிக்கிடுறான்."

அன்று இரவு எண்ணாயிரம் தூங்கவில்லை. மீதி வந்ததும் என்ன செய்வது என்று வடிவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். கல்வீடு கட்டினான். எருமைகள் வாங்கினான். எருமைகளுக்குப் பெயர் வைத்து முடிக்கும்போது விடிந்துவிட்டது.

விடிந்ததும் வைரவன் கையில் கயிற்றோடு வந்து நின்றான்.

"எண்ணாயிரம், ராத்திரி என் கனவுக்கு வந்தே. மாட்டைப் பணயம் வச்சே. தோத்துட்டே."

"நானா?"

"நீயேதான். வேண்டாம்பா, பிள்ளைகுட்டிக்காரன்னு நான்கூடச் சொன்னேன். நீ கேக்கலை."

எண்ணாயிரம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மாடு போனால் செக்கு நிற்கும். செக்கு நின்றால் உலை நிற்கும். உலை நின்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

வழக்கு அரசரிடம் போனது. காசு கைமாறியதைச் சூதுமனைக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். அரசர் எண்ணாயிரத்தைப் பார்த்தார்.

"கனவில் வென்ற காசை வாங்கினாய். கனவில் தோற்ற மாட்டையும் கொடுக்கத்தானே வேண்டும்?"

எண்ணாயிரத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. அதுதான் அவனுக்கு அழுகையை வரவழைத்தது.

வடிவு முன்னால் வந்தாள். "மகாராசா, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அண்ணாச்சி, ஆட்டத்துக்கு ரெண்டு பேரும் வந்தாகணுமில்லா?"

"வராம எப்படி ஆடுறது?" என்றான் வைரவன்.

"இவர் நேத்து ராத்திரி கண்ணையே மூடலையே. தூங்காத மனுசன் கனவுக்குள்ள எப்படி வந்தார்?"

"அதுக்குச் சாட்சி நான்" என்று பக்கத்து வீட்டுக்காரன் எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. "சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது மகாராசா. எனக்கும் ஒரு எருமை தர்றதாச் சொன்னார். அதுக்குப் பிறகு எனக்கும் தூக்கம் வரலை."

வைரவன் அசரவில்லை. "தூங்கினாத்தான் வரணும்னு எந்தச் சாத்திரத்துல இருக்கு தாயி? நான் ராத்திரியில தூங்கினதே கிடையாது. கோழி கூவற வரைக்கும் என் மனையில ஆட்டம் நடக்கும். இருந்தும் உன் புருசன் கனவுக்கு நான் தினமும் போய்த் தோக்கலையா?"

"அப்படியா அண்ணாச்சி? நேத்தும் ஆட்டம் நடந்ததா?"

"நடக்காம? இதோ நிக்கிறாங்களே, இவங்க எல்லாரையும் கேளு. விடியறவரைக்கும் நான் பலகையை விட்டு எந்திரிக்கலை."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதில் ஒருவன், "என் கடுக்கனைக்கூட வாங்கிக்கிட்டாரு" என்றான்.

"அப்போ எங்க மாட்டை ஜெயிச்ச கனவை எப்போ கண்டீங்க?" என்றாள் வடிவு.

சபையில் யாரோ இருமினார்கள். வைரவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான்.

அரசர் தீர்ப்புச் சொன்னார். "தூங்காதவன் கண்ட கனவில் தூங்காதவன் வந்து மாட்டைத் தோற்றிருக்கிறான். ஆகவே மாடு செக்குக்கு. காசு சூதுமனைக்கு. கயிறு அபராதமாக அரண்மனைக்கு."

எண்ணாயிரம் மடியிலிருந்து காசை எடுத்தான். எத்தனையோ இரவுகள் பொன்னை அள்ளிய கை அது. விழித்திருக்கும்போது அதில் இருந்த பொன் இது ஒன்றுதான். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கொடுத்தான். எருமைகளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி, அவிழ்த்துவிட்டான்.

அரசர் எழுந்தவர், போகாமல் நின்றார். "அம்மா, அந்தக் கனவுக்கு உண்மையில் என்னதான் பொருள்? கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் வருகிறது."

"உங்களுக்கு எதுக்கு வருதோ, எனக்குத் தெரியாது மகாராசா" என்றாள் வடிவு. "இவர் பகல் பூராவும் மாட்டுக்குப் பின்னால நடக்கிறார். நடந்த நடைக்குக் காசிக்கே போயிருக்கலாம். ஆனா சாயங்காலம் புறப்பட்ட இடத்துலயேதான் நிக்கிறார். ராத்திரியாவது ஒரே வீச்சில எங்கேயாவது போய்ச் சேரலாம்னு மனசு உருட்டிப் பாக்குது. பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?"

"பலன்?"

"விடிஞ்சா மாட்டுக்கு வைக்கோல் போடணும். வேற பலன் எனக்குத் தெரியலை."

அதற்குப் பிறகும் எண்ணாயிரத்துக்கு அந்தக் கனவு வந்தது. அதிலும் அவனே வென்றான். வைரவன் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் தோற்றான். கோழி கூவியதும் எண்ணாயிரம் எழுந்து, மடியைத் தடவாமல், தொழுவத்துக்குப் போனான்.

கேட்டவர்களே, கனவில் வென்றதை நனவில் வாங்கப் போகிறவன், நனவில் இருப்பதையும் கனவுக்குத் தோற்க வேண்டிவரும்.