தழையை எடைபோட்ட சாத்தப்பர்

அன்பர்களே, உங்கள் பிழையால் இன்னொருவர் வாழ்விழக்கப் போகிறார் என்றால், அவருக்காக ஊர் சிரிக்கச் சம்மதிப்பீர்களா?

கரட்டூர் அவையில் சாத்தப்பர் என்றோர் அறிஞர் இருந்தார். அறிவைவிட அவர் வயிறே அவைக்கு முதலில் வரும்.

ஒருநாள் குதிரைப்படைத் தலைவர் வீரசிங்கர், "அரசே, புதர்க்காட்டில் தழை மண்டிக் கிடக்கிறது. இடையர்களை வெளியேற்றுங்கள், என் குதிரைகள் மேயட்டும்" என்றார்.

இடையர் தலைவி பொன்னாயி பதறினாள். "சாமி, அந்தத் தழை எங்க ஆடுகளுக்கே கோடை வரைக்கும்தான் காணும்!"

அரசர் சாத்தப்பரைப் பார்த்தார். "காட்டில் எவ்வளவு தழை இருக்கிறது? எடை சொல்லும். ஆனால் ஒரு செடியிலும் அரிவாள் படக்கூடாது!"

"அரிவாள்தானே, அரசே? ஆட்டின் பல் படலாமே!"

சாத்தப்பர் செடிகளை எண்ணினார். உயரமும் அகலமும் அளந்தார். நடுத்தரச் செடி ஒன்றைத் தேர்ந்தார். ஓர் ஆட்டை எடை பார்த்து, அச்செடியை மேயவிட்டு, மறுபடி எடை பார்ப்பது அவர் திட்டம். ஆடோ தராசுத்தட்டில் நிற்க மறுத்தது. எனவே காலையில் தம்மைத் தனியாகவும், பிறகு ஆட்டைச் சுமந்தும் எடை பார்த்தார். ஆடு செடியை மொட்டையடித்ததும், பிற்பகலில் அவைநடுவே அதைச் சுமந்தபடி மீண்டும் தட்டேறினார்.

மூன்று வீசை கூடியிருந்தது!

"ஒரு செடிக்கு மூன்று வீசை!" வீரசிங்கர் துள்ளினார். "என் குதிரைகளுக்குத் தாராளமாகக் காணும். இடையர்கள் இன்றே கிளம்பட்டும்!"

பொன்னாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைக் கண்ட சாத்தப்பருக்குச் சுருக்கென்றது.

"அரசே, கணக்கு தவறு. செடி அவ்வளவு எடை இல்லை."

"பேச்சை மாற்றுகிறீரா? ஆதாரம் எங்கே?" என்று சீறினார் வீரசிங்கர்.

"என் இடுப்புக்கு மேலே இருக்கிறது, ஐயா." ஆட்டை இறக்கிவிட்டுத் தனியே தட்டில் அமர்ந்தார். காலையைவிட இரண்டு வீசை அதிகம்! அப்படியானால் செடி ஒரு வீசைதான்; குதிரைகளுக்குக் காணாது. அவை கொல்லென்று சிரித்தது.

"ஓய், அந்த இரண்டு வீசையை எங்கே மேய்ந்தீர்?" என்றார் அரசர்.

"தங்கள் அரண்மனைச் சமையற்கட்டில், அரசே. குதிரைகளுக்கு மேய்ச்சல் வேண்டுமானால் அந்த இடத்தைத் தந்துவிடுங்கள். நான் விலகிக்கொள்கிறேன்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புதர்க்காடு இடையர்களுக்கே என்று ஆணை பிறந்தது. சாத்தப்பருக்குப் பொற்கிண்ணம் ஒன்று பரிசு, சிறியது.

அன்பர்களே, நீங்கள் தப்பாகச் சொன்ன ஒரு சொல்லை நம்பி யாரோ மூட்டை கட்டிக்கொண்டிருக்கலாம். நாளை அவர் போய்விடுவார். இன்றே, இப்போதே எழுந்து ஓடிப்போய், "தவறு என்னுடையது" என்று சொல்லிவிடுங்கள்!